டிராகுலாவுக்கு வெயில் ஆகாதுன்னு யார் சொன்னது? பழைய சினிமாப் பேய்களோட பூர்வீகம்

கேள்வி இதுதான்: டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன், ஓநாய் மனுஷன், மம்மி, ஸாம்பி இந்த மாதிரி பழைய ஹாலிவுட் பேய்கள் எல்லாம் அந்தக் காலத்து மக்கள் நிஜமாவே நம்புன கதைகளா, இல்ல சினிமாக்காரங்க உட்கார்ந்து கட்டிவிட்டதா?

ரெண்டும் இருக்கு. ஆனா எது பழசு எது புதுசுன்னு நாம நினைச்சிட்டு இருக்கறது முக்காவாசி தலைகீழ். காலங்காலமா வர்ற ஐதீகம்னு நாம நம்பற பல விஷயம் 1920லேர்ந்து 1943க்குள்ள ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் ரைட்டரோ மேக்கப்மேனோ அன்னிக்கு இருந்த நெருக்கடிக்கு யோசிச்சது. நிஜமாவே பழசா இருக்கற சமாச்சாரம் படத்துல வர்றதே இல்ல, வந்தாலும் அடையாளம் தெரியாது.

ரத்தக்காட்டேரியிலேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இதுக்கு அரசாங்க ரிப்போர்ட்டே இருக்கு. 1718ல செர்பியாவோட ஒரு பகுதி துருக்கி சுல்தான் கையிலேர்ந்து ஆஸ்திரியாவோட ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு மாறுச்சு, அங்க கிசில்யேவோன்னு ஒரு கிராமம், 1725ல பீட்டர் பிளாகோயெவிச்னு ஒரு விவசாயி செத்துப்போறார். அவரைப் புதைச்சு பத்து வாரம் இருக்கும், திடீர்னு ஊருல எட்டு நாளுக்குள்ள ஒன்பது பேர் சாகறாங்க, ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு நாள்தான் படுத்தாங்க. சாகறதுக்கு முன்னாடி எல்லாரும் சொன்னது, பீட்டர் ராத்திரி வந்து மேல படுத்து கழுத்தை நெரிச்சான்னு. அவரோட பொண்டாட்டியே, செத்தவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கேட்டார்னு சொல்லிட்டு ஊரை விட்டே போயிடுச்சு. எனக்கு இந்தச் செருப்பு விஷயம் ரொம்பப் பிடிக்கும், எந்த டைரக்டரும் இப்படி ஒரு சீன் யோசிக்க மாட்டான்.

ஊர்க்காரங்க அங்க இருந்த ஆஸ்திரிய அதிகாரி ஃப்ரோம்பால்டுகிட்ட போய் குழியைத் தோண்டணும்னாங்க. அவர் மேலிடத்துல பர்மிஷன் கேக்கறேன், பொறுங்கன்னார். அதுக்குள்ள ஊரே காலியாயிடும், நீங்க வந்தாலும் வராட்டியும் நாங்க ஊரை விட்டுப் போறோம்னு ஒரே பிடியா நின்னதும் வேற வழியில்லாம பாதிரியாரைக் கூட்டிட்டுப் போனார். அவர் எழுதுன ரிப்போர்ட்டு அதே வருஷம் வியன்னா பேப்பர்லயே வந்துச்சு. பொணம் மூக்கைத் தவிர மத்தபடி கெட்டுப்போகல, நாத்தம் இல்ல, முடி தாடி நகம் எல்லாம் வளர்ந்திருக்கு, பழைய தோல் உரிஞ்சு கீழ புதுத்தோல் தெரியுது, வாயில புது ரத்தம். ஜனங்க கூர் சீவுன கட்டையை எடுத்து நெஞ்சுல இறக்குனாங்க, காது வாய் வழியா ரத்தம் கொட்டுச்சு, அப்புறம் எரிச்சுட்டாங்க. ரிப்போர்ட்டோட கடைசியில ஃப்ரோம்பால்டு என்ன எழுதறார்னா, இதுல ஏதாச்சும் தப்பு நடந்திருந்தா என்னைச் சொல்லாதீங்க, பயத்துல நிதானம் இழந்த அந்தக் கும்பலைச் சொல்லுங்கன்னு. முந்நூறு வருஷம் ஆனா என்ன, ஆபீஸ் ஃபைல் எழுதற பாஷை ஒண்ணுதான்.

அவர் பார்த்ததுல பொய் எதுவும் இல்ல, அதுதான் விஷயமே. பொணம் அழுகும்போது வயித்துல கேஸ் சேர்ந்து உடம்பு ஊதும், அந்த அழுத்தத்துல கறுஞ்சிவப்புத் திரவம் வாய் மூக்கு வழியா வெளிய வரும், பார்க்க நல்லா ரத்தம் குடிச்சு உப்புன மாதிரியே இருக்கும். மேல்தோல் கழண்டு வந்தா அடியில இருக்கறது புதுசாத் தெரியும், சதை சுருங்கறதால நகமும் தாடியும் வளர்ந்த மாதிரி தெரியும், கேஸ் நிறைஞ்ச நெஞ்சுல கட்டையை இறக்குனா திரவம் பீறிட்டுதான் அடிக்கும், சத்தம்கூட வரலாம். தொத்துநோய் எப்படிப் பரவுதுன்னு தெரியாத காலத்துல, ஒரு வீட்டுல ஒருத்தர் செத்தா அடுத்து அவங்க சொந்தக்காரங்க வரிசையா சாகறதுக்கு முதல்ல செத்தவன்தான் காரணம்னு நினைச்சாங்க, அவ்வளவுதான். இதுக்கப்புறம் இந்த மாதிரி ரிப்போர்ட்டுங்க நிறைய வந்து 1732 வாக்குல வாம்பயர்ங்கற வார்த்தை இங்கிலீஷுக்கே போயிடுச்சு. 1755ல ஆஸ்திரிய மகாராணி மரியா தெரசா தன்னோட டாக்டர் வான் ஸ்வீட்டன் மூலமா விசாரிச்சு, இது எல்லாம் மூடநம்பிக்கை, இனிமே பொணத்தைத் தோண்டக்கூடாதுன்னு உத்தரவு போட வேண்டியதாப்போச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க, அசல் காட்டேரி ஒரு ஊதிப்போன செவசெவன்னு இருக்கற கிராமத்து விவசாயி. கோட்டு சூட்டு கோட்டை குதிரைவண்டி எதுவும் கிடையாது. அவனைப் பிரபுவா மாத்துனது ஒரு டாக்டர், ஜான் பாலிடோரி, கவிஞர் பைரனோட பர்சனல் டாக்டர். 1819ல அவர் எழுதுன கதையில வர்ற ரத்வென் பிரபுதான் வெளுத்த முகம், பெரிய இடத்துப் பழக்கம், பொண்ணுங்களை மயக்கறதுன்னு எல்லாத்தையும் ஆரம்பிச்சு வச்சான். பாலிடோரிக்கு பைரன் மேல இருந்த கடுப்புதான் அந்தக் கேரக்டர்னு படிக்கும்போதே தெரியும். அதுலயும் கொடுமை, பத்திரிகைக்காரங்க அந்தக் கதையை பைரன் பேர்லயே போட்டுட்டாங்க. அப்புறம் 1872ல ஷெரிடன் லெ ஃபானுவோட கார்மில்லா, பொண்ணு காட்டேரி, என்னைக் கேட்டா டிராகுலாவை விட நல்லா எழுதுன கதை.

பிராம் ஸ்டோக்கர் 1897ல டிராகுலா எழுதறார். அவர் கைப்பட எழுதுன நோட்ஸ் இன்னிக்கும் இருக்கு, அதுல முதல்ல வச்ச பேரு கவுண்ட் வாம்பயர்னு இருக்கு, ரொம்பச் சப்பையான பேரு. 1890ல விட்பின்னு ஒரு கடலோர ஊருக்கு லீவுல போனப்போ அங்க லைப்ரரியில வில்லியம் வில்கின்சன்னு ஒருத்தர் எழுதுன வல்லாக்கியா (இன்னிக்கு ருமேனியாவுல ஒரு பகுதி) பத்தின சரித்திரப் புக்கை எடுத்துப் பார்த்தார், அதுல ஒரு அடிக்குறிப்பு, வல்லாக்கிய மொழியில டிராகுலான்னா பிசாசுன்னு அர்த்தம்னு. அங்க பிடிச்ச பேருதான் இது. நிறைய பேர் சொல்ற மாதிரி, கழுவேத்துற விளாட் ராஜாவோட வரலாறை எல்லாம் ஆராய்ச்சி பண்ணி ஸ்டோக்கர் எழுதலைங்க. நோட்ஸ்ல கழுவேத்தறதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது, நாவல்லயும் கிடையாது. அந்த விளாட் ஆண்டது வல்லாக்கியா, நாவல்ல டிராகுலா கோட்டை இருக்கற டிரான்சில்வேனியா இல்ல. ஸ்டோக்கர் அந்தப் பக்கம் போனதே இல்ல.

இன்னொண்ணு, நாவல்ல டிராகுலா பட்டப்பகல்ல லண்டன் தெருவுல நடந்து போறான். பகல்ல சக்தி குறையும், அவ்வளவுதான், சாக மாட்டான். வெள்ளை மீசை வேற வச்சிருப்பான். கடைசியில அவனைக் கொல்றதும் மரக்கட்டையால இல்ல, ஒருத்தர் குக்ரி கத்தியால கழுத்தை அறுக்கறார், இன்னொருத்தர் நெஞ்சுல கத்தியைப் பாய்ச்சறார். அப்ப வெயில் பட்டா சாம்பலாகறது எங்கேர்ந்து வந்துச்சு? 1922ல ஜெர்மன் டைரக்டர் முர்னாவ் எடுத்த நோஸ்ஃபெராட்டு படத்துலேர்ந்து. அது ரைட்ஸ் வாங்காம எடுத்த படம், பேரை மட்டும் ஓர்லாக்னு மாத்திக்கிட்டாங்க. முடிவும் வேற மாதிரி பண்ணணும், விடியற வெளிச்சத்துல அவன் கரைஞ்சு போற மாதிரி வச்சாங்க. ஸ்டோக்கரோட மனைவி ஃபிளாரன்ஸ் கேஸ் போட்டு, 1925ல கோர்ட்டு எல்லாப் பிரிண்டையும் அழிக்கச் சொல்லிடுச்சு. தப்பிச்ச சில பிரிண்டாலதான் நாம இன்னிக்குப் பார்க்கறோம். அழிக்கச் சொன்ன படத்துல வந்த ஒரு கிளைமாக்ஸ் இப்ப காட்டேரிச் சட்டமே ஆயிடுச்சு பாருங்க.

கறுப்பு அங்கியும் தூக்கி நிக்கற காலரும் நாடகத்துலேர்ந்து வந்தது. 1924ல ஹாமில்டன் டீன் இதை மேடையேத்தும்போது செட்டு ஒரு பணக்கார வீட்டு ஹால், அங்க விருந்தாளியா வந்து நிக்கணும்னா டிராகுலா டீசன்ட்டா டிரஸ் பண்ணியாகணும், அதான் பார்ட்டி கோட்டு. உயரமான காலர் எதுக்குன்னா, ஆடியன்ஸுக்கு முதுகைக் காட்டி நிக்கும்போது தலை மறையும், மத்தவங்க அங்கியைப் பிடிச்சிட்டு இருக்க நடிகர் கீழ இருக்கற ரகசியக் கதவு வழியா நழுவிடுவார், மாயமா மறைஞ்ச மாதிரி இருக்கும். 1931ல யுனிவர்சல் ஸ்டுடியோ படத்துல பெலா லுகோசி அதையே போட்டுட்டு வந்தார், மேடை டிரிக்குக்காகத் தச்ச காலர் உலகம் பூரா அடையாளமாயிடுச்சு. அந்தப் படத்துல லுகோசிக்குக் கோரைப்பல்லே கிடையாது, திரும்பப் போட்டுப் பாருங்க. நமக்கு நினைவுல நிக்கற கோரைப்பல்லும் சிவப்புக் கண்ணும் 1958ல கிறிஸ்டோபர் லீ நடிச்ச கலர் படம் பிரபலமாக்குனது.

சைடுல ஒரு விஷயம், 1870ல ரிச்சர்ட் பர்ட்டன் நம்ம விக்கிரமாதித்தன் வேதாளம் கதையை இங்கிலீஷ்ல கொண்டுவரும்போது வேதாளத்துக்கு வாம்பயர்னே பேர் போட்டுட்டார். ஆனா வேதாளம் ரத்தம் குடிக்கறதுக்கு முருங்கை மரத்துல தொங்கல, புதிர் போட்டு ராஜாவைப் படுத்தத்தான் தொங்குச்சு, ரெண்டும் வேற ஜாதி.

ஃபிராங்கன்ஸ்டைனுக்கு வருவோம். இதுக்குப் பின்னாடி கிராமத்துக் கதை எதுவும் கிடையாது, களிமண் பொம்மைக்கு உயிர் குடுக்கற யூதர்களோட கோலெம்ங்கற கதையைச் சிலர் சொல்வாங்க, நாவலை எழுதுன மேரி ஷெல்லி அதை எடுத்தாங்கன்னு சொல்ல ஆதாரம் இல்ல. 1815 ஏப்ரல்ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சு அந்தச் சாம்பலால அடுத்த வருஷம் ஐரோப்பாவுல கோடையே வரல, ஒரே மழை. 1816ல ஜெனிவா ஏரிக்கரையில ஒரு பங்களாவுல பைரன், கவிஞர் ஷெல்லி, 18 வயசு மேரி, மேல சொன்ன பாலிடோரி எல்லாரும் வெளிய போக முடியாம அடைஞ்சு கிடந்தப்போ ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம்னு பைரன் சொன்னார். அந்த ஒரு வீட்டுலேர்ந்துதான் பிரபு வேஷத்துக் காட்டேரியும் ஃபிராங்கன்ஸ்டைனும் ரெண்டுமே வந்துச்சு.

கரண்டு குடுத்தா செத்த உடம்பு துடிக்கும்னு அப்ப எல்லாரும் பேசிட்டு இருந்தாங்க. 1803ல லண்டன்ல தூக்குல போட்ட ஒரு கைதியோட உடம்புல அல்டினிங்கறவர் பேட்டரி வச்சுக் காட்டுனார், தாடை ஆடுச்சு, ஒரு கண்ணு திறந்துச்சு. ஆனா எனக்கு இதைவிட முக்கியமாப் படறது வேற. மேரி பிறந்த பதினோராம் நாள்லயே அம்மா செத்துட்டாங்க. 1815ல மேரிக்குப் பிறந்த முதல் குழந்தை சில நாள்லயே போயிடுச்சு, ரெண்டு வாரத்துக்குள்ள டைரியில எழுதறாங்க, கனவுல குழந்தைக்கு உயிர் வந்துச்சு, சும்மா சில்லிட்டுப் போயிருந்துச்சு அவ்வளவுதான், நெருப்புக்கிட்ட வச்சுத் தேய்ச்சோம், பொழைச்சிடுச்சுன்னு. முழிச்சா குழந்தை இல்ல. இதைப் படிச்சிட்டு நாவலை எடுத்தீங்கன்னா விஞ்ஞானக் கதையாவே தோணாது.

1818ல பேர் போடாம வந்த அந்த நாவல்ல இடி மின்னல் கோட்டை கிடையாது, கூனன் அசிஸ்டென்ட் கிடையாது, உயிர் குடுக்கற சீன் ஒரு மழை ராத்திரியில மெழுகுவர்த்தி அணையப் போற நேரத்துல ரெண்டு மூணு வரியில முடிஞ்சுடும். அதுல வர்ற பூதம் எட்டு அடி உயரம், மஞ்சத்தோல், நீளமான கறுப்பு முடி. முக்கியமா அது நல்லா பேசும். ஒரு குடிசைக்குப் பக்கத்துல ஒளிஞ்சுக்கிட்டு சந்து வழியாப் பார்த்தே பேசக் கத்துக்கிட்டு, மில்டன் காவியத்தை எல்லாம் படிச்சிட்டு வந்து, என்னை ஏன் படைச்சு அப்படியே விட்டுட்டுப் போனேன்னு வக்கீல் மாதிரி கேக்கும். அதைப் பேச விடாம பண்ணது 1823லயே வந்த முதல் நாடகம், அசிஸ்டென்டையும் அதுலதான் சேர்த்தாங்க. 1931 படம் அந்த நாடக வழியில வந்தது. கூனன்னா இகோர்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா அந்தப் படத்துல அவன் பேரு ஃபிரிட்ஸ், இகோர் வர்றது 1939ல, அதை நடிச்சது லுகோசி.

பூதத்தோட தட்டையான தலை மேக்கப்மேன் ஜாக் பியர்ஸோட லாஜிக். சர்ஜரி தெரியாத ஒரு விஞ்ஞானி மூளையை உள்ள வைக்கணும்னா மண்டையைப் பானை மூடி மாதிரி நேரா வெட்டித் திறந்து திரும்ப மூடியிருப்பான், அதனால மேல தட்டையா நெத்தியில தையலோட இருக்கணும்னு யோசிச்சார். கழுத்துல இருக்கறது போல்ட் இல்ல, கரண்டு ஏத்தற முனை. கறுப்பு வெள்ளை பிலிம்ல பொணம் மாதிரி வெளிறித் தெரியணும்னு பச்சை கலந்த சாயம் பூசுனாங்க, பின்னாடி போஸ்டரும் காமிக்ஸும் அதை அப்படியே பச்சைப் பூதமாக்கிடுச்சு. பூதமா நடிச்ச போரிஸ் கார்லோஃப் தன்னோட செட்டுப்பல்லுல ஒரு பக்கத்தைக் கழட்டிட்டு நடிச்சார், கன்னம் உள்ள ஒட்டித் தெரியறது அதனாலதான். படம் ஆரம்பிக்கும்போது டைட்டில்ல பூதம் பேருக்கு நேரா அவர் பேரு வராது, வெறும் கேள்விக்குறிதான் இருக்கும்.

ஓநாய் மனுஷன்தான் இருக்கறதுலயே பழைய நம்பிக்கை. முதலாம் நூற்றாண்டுல ரோமானிய எழுத்தாளர் பெட்ரோனியஸ் எழுதுன ஒரு விருந்துக் காட்சியில ஒருத்தன் சொல்ற கதை: துணைக்கு ஒரு சிப்பாயைக் கூட்டிட்டு ராத்திரி போறான், நிலா பகல் மாதிரி அடிக்குது, கல்லறைங்க பக்கம் வந்ததும் சிப்பாய் துணியை எல்லாம் கழட்டி வச்சு சுத்தி ஒண்ணுக்கு அடிச்சுட்டு ஓநாயா மாறிக் காட்டுக்குள்ள ஓடறான், கழட்டிப் போட்ட துணி கல்லாயிடுது. இவன் நடுங்கிட்டே தெரிஞ்ச வீட்டுக்குப் போனா, இப்பத்தான் ஒரு ஓநாய் வந்து ஆட்டை எல்லாம் கடிச்சுச்சு, எங்காளு கழுத்துல ஈட்டியால குத்திட்டான்னு சொல்றாங்க. விடிஞ்சு வீட்டுக்கு வந்தா சிப்பாய் கட்டில்ல படுத்திருக்கான், டாக்டர் கழுத்துக் காயத்துக்குக் கட்டுப் போட்டுட்டு இருக்கார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கிளைமாக்ஸ் ட்விஸ்ட்டோட கதை ரெடி.

இதுல கடிச்சா மத்தவனும் ஓநாயாகறது இருக்கா? இல்ல. பழைய கதைகள்ல தோலாலயோ பெல்ட்டாலயோ சாபத்தாலயோதான் மாறுவாங்க. 1589ல ஜெர்மனியில பெட்பர்க்ல பீட்டர் ஸ்டும்ப்னு ஒருத்தனைச் சித்ரவதை பண்ணப்போ சாத்தான் குடுத்த பெல்ட்டைக் கட்டுனா ஓநாயாவேன்னு ஒத்துக்கிட்டான், கொடூரமாக் கொன்னாங்க. இதுக்கு நேர் எதிரா 1692ல லிவோனியாவுல (இன்னிக்கு லாட்வியா, எஸ்டோனியா இருக்கற பக்கம்) தீஸ்னு எண்பது வயசு தாண்டுன ஒரு கிழவர் கோர்ட்டுல தானாவே, ஆமா நான் ஓநாய் மனுஷன்தான், ஆனா நாங்க கடவுளோட நாய்ங்க, நரகத்துக்குப் போய் சூனியக்காரங்க திருடுன தானியத்தை மீட்டுட்டு வர்றோம், நாங்க போகலைன்னா விளைச்சலே இருக்காதுன்னு சொன்னார். ஜட்ஜுங்க எவ்வளவோ மடக்கிப் பார்த்தும் மனுஷன் அசையல. கடைசியில கசையடி குடுத்து அனுப்புனாங்க. இவரைப் பத்தி எல்லாம் யாரும் படம் எடுக்க மாட்டேங்கறாங்க.

நமக்குத் தெரிஞ்ச ரூல்ஸ்ல பெரும்பகுதி 1941ல வந்த ஓநாய் மனுஷன் படத்துல கர்ட் சியோட்மாக் எழுதுனது. நாஜிங்களுக்குப் பயந்து ஜெர்மனியை விட்டு ஓடிவந்த யூதர் அவர், நல்ல மனுஷன் தன் தப்பே இல்லாம மாட்டிக்கிட்டு மிருகமாகறதும், அடுத்துச் சாகப்போறவங்க கையில நட்சத்திரக் குறி தெரியறதும் அவர் எழுத்துல எங்கேர்ந்து வந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. சுத்தமான மனசுள்ளவனும் ஓநாயாவான்னு வர்ற அந்தப் பாட்டைப் பழமொழின்னு நினைச்சவங்க நிறைய பேரு, அது அவரே எழுதுனது. அதுல பௌர்ணமி இல்ல, இலையுதிர்கால நிலான்னுதான் இருக்கும். 1943ல அடுத்த படத்துல வரியை முழுநிலான்னு மாத்துனாங்க, அன்னிலேர்ந்து பௌர்ணமி ஆனா ஊளை.

மம்மிக்குப் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. 1922 நவம்பர்ல ஹோவர்ட் கார்ட்டர் எகிப்து ராஜா துட்டன்காமுன் கல்லறையைக் கண்டுபிடிச்சார், செலவு பண்ண கார்னர்வன் பிரபு அடுத்த ஏப்ரல்ல கொசுக்கடி செப்டிக் ஆகிச் செத்தார், பேப்பர்காரங்களுக்கு அல்வா மாதிரி சாபக்கதை கிடைச்சுது. கல்லறையைத் திறந்த கார்ட்டர் 1939 வரைக்கும் இருந்தார்ங்கறதை யாரும் எழுதல. 1932ல வந்த மம்மி படத்துக்குத் திரைக்கதை எழுதுன பால்டர்ஸ்டன் அந்தக் கல்லறை நியூஸை ரிப்போர்ட் பண்ண பத்திரிகைக்காரர்தான். உயிரோட எழுந்து வர்ற மம்மி 1827 நாவல்லயே இருக்கு, கானன் டாயிலும் எழுதியிருக்கார். துணி சுத்துன கோலத்துல கார்லோஃப் படத்துல கொஞ்ச நேரம்தான் வருவார், அதுக்கு மேக்கப் எட்டு மணி நேரம். கண்ணுக்குத் தெரியாத மனுஷன் 1897ல எச்.ஜி. வெல்ஸ் எழுதுனது, மறைய வைக்கற மோதிரம்ங்கற ஐடியா பிளேட்டோ காலத்துது, அதோட விட்டுடறேன்.

ஸாம்பியைப் பத்திச் சொல்லாம முடிக்க முடியாது. இது ஹைத்தியில அடிமையாக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோட பயம். அவங்க கதையில ஸாம்பி யாரையும் தின்னாது, கடிக்காது, ஸாம்பிகிட்ட யாருக்கும் பயமே இல்ல. ஸாம்பியா ஆகிடுவோமோங்கறதுதான் பயம். கரும்புத் தோட்டத்துல சாகற வரைக்கும் உழைச்சவனுக்கு ஒரே ஆறுதல் செத்தா விடுதலைங்கறது, செத்தப்புறமும் எழுப்பி வேலை வாங்குவாங்கன்னா அதைவிடக் கொடுமை என்ன இருக்கு? அமெரிக்க ராணுவம் 1915லேர்ந்து 1934 வரைக்கும் ஹைத்தியைப் பிடிச்சு வச்சிருந்தப்போ 1929ல சீப்ரூக் எழுதுன பயணப் புக்கு மூலமா இது அமெரிக்காவுல பிரபலமாச்சு, 1932ல வைட் ஸாம்பி வந்துச்சு. அதுல ஒரு சீன், சர்க்கரை ஆலையில ஸாம்பிங்க பேசாம செக்கு சுத்துது, ஒருத்தன் தடுமாறி அரவைக்குள்ள விழறான், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல, செக்கு சத்தம் நிக்காம ஓடிட்டே இருக்கு. மத்த நடிப்பெல்லாம் சுமார்தான், இந்த ஒரு சீனுக்காகப் பார்க்கலாம்.

மனுஷக் கறி தின்னுற கூட்டம் 1968ல ஜார்ஜ் ரொமேரோ படத்துல வருது, ஆனா அதுல ஸாம்பிங்கற வார்த்தையே யாரும் சொல்றதில்ல. பொணந்தின்னிக்கு இங்கிலீஷ்ல சொல்ற அரபு வழி வந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வாங்க. ரொமேரோவுக்குத் தூண்டுதல் 1954ல ரிச்சர்ட் மேத்திசன் எழுதுன நாவல், அதுல ஊரெல்லாம் தொத்துநோயால காட்டேரியா மாறிடும். இப்ப கிசில்யேவோ பீட்டரை ஞாபகப்படுத்திப் பாருங்க: அழுகுன பொணம், சாதாரண கிராமத்தான், ஒருத்தன்கிட்டேர்ந்து அடுத்தவனுக்குத் தொத்துறது, முதல்ல சொந்தக்காரங்களைத்தான் தேடி வர்றது. 1725ல செர்பியாவுல தோண்டி எடுத்தது டிராகுலாவை விட இன்னிக்கு நாம பார்க்கற ஸாம்பிக்குத்தான் நெருக்கம். பிரபு வேஷம் போட்டு நூத்தம்பது வருஷம் சுத்திட்டு திரும்ப அதே அழுகுன பொணமா வேற பேருல வந்து நின்னிருக்கு.

படிக்கணும்னு நினைச்சா முதல்ல கார்மில்லா, சின்னதுதான், ஒரு ராத்திரியில முடிச்சிடலாம். ஃபிராங்கன்ஸ்டைன் வாங்கும்போது 1818 பதிப்பா 1831 பதிப்பான்னு பார்த்து வாங்குங்க. ஜெனிவா பங்களாக் கதையை மேரியே சொல்ற முன்னுரை 1831ல மட்டும்தான் இருக்கு, ஆனா அதுல பூதத்தைப் படைச்ச விஞ்ஞானி விக்டர் பண்ணதெல்லாம் விதின்னு கொஞ்சம் மழுப்பியிருப்பாங்க, 1818ல அவன் தப்பு பளிச்சுன்னு தெரியும். நான் 1818தான் சொல்வேன், முன்னுரையைத் தனியாத் தேடிப் படிச்சுக்கலாம்.